பூசை இல்லாத ஞாயிறு

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் கத்தோலிக்கப் பெண். இந்த 2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எங்கள் ஆலயத்தில் பூசை (திருப்பலி) இல்லை. முதல் இரண்டு கிழமைகள் தொலைக்காட்சிப் பூசையைப் பார்த்து அழுதேன். இப்போது அதைப் பார்த்துக்கொண்டே மரக்கறி நறுக்குகிறேன். நன்மை (நற்கருணை) வாங்க முடியவில்லையே என்று அம்மா இன்றும் கலங்குகிறார். எனக்கோ ஞாயிறு காலையில் அவசரப்பட்டுப் புறப்பட வேண்டியதில்லை என்பது ஆறுதலாகவே இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது. ஆலயம் திறக்கும்போது எனக்குள் விசுவாசம் மிஞ்சியிருக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மரக்கறி நறுக்கியதைப் பெரும் பாவம் போல எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஞாயிறு மறையுரையின் நடுவே நானும் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஆலயத்தில் இருந்திருந்தால், பின்வரிசை வாங்கில் இருக்கும் ஆச்சியின் பார்வைக்குப் பயந்தாவது கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன். இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. மற்றவர்கள் முழந்தாளிடும்போது நாமும் முழந்தாளிட்டோம், அவர்கள் பாடியதால் நாமும் பாடினோம். நம்முடைய பக்தியில் எவ்வளவு பங்கு பிறருடையது என்பது இந்த இரண்டு மாதங்களில்தான் தெரிந்திருக்கிறது. உங்களிடமிருந்து போனது அந்தத் துணைதான். அதை விசுவாசம் என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

கொழும்பில் ஆலயங்கள் பூட்டப்படுவது இது முதல் தடவை அல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்புப் பேராயரான கர்தினால் தமது இல்லத்திலிருந்து ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். ஆனால் அன்று துக்கமே நம்மைச் செபத்தில் இருத்தியது. குண்டு வெடித்த கொச்சிக்கடை ஆலயத்தின் பெயரைக் கேட்டாலே கண் கலங்கியது. இம்முறை அப்படி எதுவும் இல்லை, வெறும் காத்திருப்புத்தான். மரணத்தை அருகில் கண்டபோது தளராத விசுவாசம் சலிப்பில் தளர்வது விநோதம்தான், என்றாலும் அப்படித்தான் நடக்கிறது.

எனக்கு நினைவுக்கு வருவது ஒல்லாந்தர் காலம். 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போன பின், குருக்கள் வெளியேற்றப்பட்டு, கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவைச் சேர்ந்த குருவான புனித யோசப் வாஸ் அடிகளார் 1687 இல் வேடம் மாறி யாழ்ப்பாணம் வந்து, கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுத்தான் கத்தோலிக்கரை இனங்கண்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. பூசையையோ நன்மையையோ அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்திருந்த நேரத்தில், அந்தச் செபமாலையை அடையாளம் காணக்கூடியவர்கள் இன்னும் இருந்தார்கள் என்பதே எனக்கு வியப்பு. பூசையைப் பார்க்க அவர்களுக்குத் திரை ஏது? மனப்பாடமான செப மந்திரங்கள்தான் இருந்தன. அவற்றைக் கதவடைத்த வீட்டுக்குள் பலர் சேர்ந்து சொன்னார்கள்.

ஆகவே, தொலைக்காட்சிப் பூசையை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்கிறேன். தமது காலைத் திருப்பலியை உலகுக்கே ஒளிபரப்பி வந்த திருத்தந்தை பிரான்சிஸ்கூட, ஏப்ரல் 17 மறையுரையில், மக்களும் நன்மை முதலான அருட்சாதனங்களும் இல்லாத இந்த நிலை நெருக்கடி காலத்துக்கு உரியது, திருச்சபையின் இயல்பான வாழ்வு இதுவல்ல என்று எச்சரித்தார். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248 ஆம் சட்டமோ, பாரதூரமான காரணத்தால் பூசையில் பங்குகொள்ள முடியாதபோது, தகுந்த அளவு நேரம் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் ஈடுபடும்படி பரிந்துரைக்கிறது. திரையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. உங்கள் ஆறுதலுக்காக வெட்கப்படாதீர்கள். புறப்பாட்டுக்குச் செலவான அந்த ஒரு மணி நேரம் இப்போது எங்கே போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் பங்கின் பூசை நேரத்திலேயே, கோயிலுக்குப் போகும் உடுப்போடு, சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி இருவரும் இருங்கள். பழைய ஊர்க் கோயில்களின் அண்ணாவியாரைப் போல அம்மாவே செபங்களைத் தொடங்கிவைக்கட்டும். காணிக்கைக்கு எடுத்துவைக்கும் பணம், நாட்சம்பளம் நின்றுபோன பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றுக்குப் போகட்டும்.

அம்மாவின் கலக்கத்துக்கு மருந்து அவருடைய பழைய செபப் புத்தகத்திலேயே இருக்கக்கூடும். நன்மை வாங்க முடியாதபோது ஆண்டவரை உள்ளத்தில் வரும்படி ஆசையோடு வேண்டுவது புதிய வழக்கம் அல்ல. 18 ஆம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி அதற்கென்றே ஒரு செபம் எழுதினார். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்ய வழியில்லை என்று வருந்தினால், உத்தம மனஸ்தாபம் கொள்ளச் சொல்லுங்கள். கடவுள் மீதுள்ள அன்பினால் துக்கப்பட்டு, இயன்ற விரைவில் குருவானவரிடம் போவதாக உறுதிகொண்டால் சாவான (கனமான) பாவமும் மன்னிக்கப்படும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1452 ஆம் எண்ணில் சொல்கிறது. அந்த உறுதியை அவர் விட்டுவிடக் கூடாது. நன்மை இல்லையே என்ற அவருடைய பசியையும் ஆற்றிவிட முயலாதீர்கள். அதில் கொஞ்சம் உங்களுக்கும் தொற்றினால் நல்லது.

வருகிற ஞாயிறு, மே 31, தூய ஆவியார் பெருவிழா. அன்றைய நற்செய்தி யோவான் 20:19–23. சீடர்கள் அச்சத்தால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு இருந்த வீட்டுக்குள் ஆண்டவர் வந்து நிற்கும் பகுதி. அதை அம்மா உரத்து வாசிக்க, நீங்கள் எழுந்து நின்று கேளுங்கள். கறிச்சட்டியை அதற்கு முன்பே அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள்.