ஜெர்மனியில் கார் பயணம்: 3 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், வயது 49. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் ஆகியோருடன் அடுத்த மே மாதம் ஜெர்மனிக்குப் போய், ரோட்டன்பர்க்கிலிருந்து ஃபுஸ்ஸன் வரை நானே கார் ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதன்பின் நான்கு நாள் சுவிட்சர்லாந்து. எல்லாம் சேர்த்து 8.5 லட்சம் ஆகும் என்கிறார் பயண முகவர். ஜனவரியில் முதிரும் வைப்புநிதி 5.5 லட்சம் இருக்கிறது. மீதி 3 லட்சத்தை வங்கி 14 சதவீத வட்டியில் தனிநபர் கடனாகத் தருகிறது. மாதம் 10,000 ரூபாய் வரை என்னால் கட்ட முடியும். கடன் வாங்கலாமா, அல்லது மகளின் மேற்படிப்புக்கான மியூச்சுவல் ஃபண்டிலிருந்து எடுக்கலாமா? இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. – வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் ஜெர்மனிக்குப் போய் வாருங்கள். சுவிட்சர்லாந்தை மட்டும் இன்னொரு முறைக்குத் தள்ளிவைத்தால் கடனுக்கே வேலை இல்லை.

3 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 69,000. யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்தால் 650 யூரோவுக்கு மேல். உங்கள் பயணத்தின் கார் வாடகையே அதற்குள் அடங்கிவிடும். மகளின் படிப்புப் பணத்தைப் பற்றி ஒரே வரி: எந்தச் சுற்றுலாவுக்காகவும் அதைத் தொடாதீர்கள்.

சுவிட்சர்லாந்தை நீக்கச் சொல்வதற்குக் காரணம், அங்கே அறையும் சாப்பாடும் ஜெர்மனியைவிடப் பெரிதும் விலை கூடியவை. நெடுஞ்சாலையில் ஓட்டக் காரில் ஒட்டவேண்டிய கட்டண ஸ்டிக்கரை ஆண்டு முழுமைக்கும்தான் விற்கிறார்கள், 40 சுவிஸ் பிராங்க். நான்கு நாளுக்கென்று தனியாகக் கிடையாது. ஜெர்மனியில் எடுத்த காரை அங்கே விட்டால் வேறு நாட்டில் ஒப்படைப்பதற்கான கட்டணம் கையைக் கடிக்கும். ஜெர்மனியில் சாதாரண கார்களுக்குச் சுங்கச் சாவடியே இல்லை. ஒரு நகரில் எடுத்து இன்னொரு நகரில் விட்டாலும் கூடுதல் கட்டணம் குறைவு, சில நேரம் இல்லவே இல்லை.

நீங்கள் ஆசைப்படும் பாதை, 1950 முதல் ரொமான்டிக் சாலை என்று அழைக்கப்படும் வழியின் தெற்குப் பகுதி. அதற்கே முழு மனதையும் கொடுங்கள் என்பேன். ரோட்டன்பர்க், டிங்கல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் ஆகிய மூன்று மதில் ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரம்கூட ஆகாது. நோர்ட்லிங்கன் நகரம் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் அமைந்திருக்கிறது, சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த கல். அந்த மோதலில் உண்டான பாறையால் கட்டிய தேவாலயச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் முழு வட்டமாக நடந்து வரலாம், பைசா செலவில்லை. ஃபுஸ்ஸன் போகும் வழியில் பார்க்கவேண்டிய வீஸ் தேவாலயத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ரோட்டன்பர்க்கில் பகல்நேரப் பயணிகள் கிளம்பிய பிறகு ஊர் அமைதியாகிவிடும். அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். மற்ற இரவுகளுக்கு டிங்கல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் போன்ற சிற்றூர்களே மலிவு.

இப்போது கணக்கு. மூவருக்கும் விமானம் 2.1 லட்சம். விசா, அதன் சேவைக் கட்டணம், காப்பீடு 45,000 (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்). ஏழு இரவு அறை 910 யூரோ, ஆறு நாள் கார் 550, பெட்ரோல் 80, சாப்பாடு 960, ரயில், பார்க்கிங், நுழைவுச்சீட்டுகள் 310. இந்த 2,810 யூரோ ரூபாயில் 2.95 லட்சம். மொத்தம் 5.5 லட்சம், அதாவது உங்கள் வைப்புநிதி. தவணையாகக் கட்டத் தயாராக இருந்த 10,000 ரூபாயை இந்த மாதமே தொடர் வைப்பில் போடத் தொடங்கினால் மே மாதத்துக்குள் 80,000 கையில் இருக்கும். யூரோ ஏறினாலும் எதிர்பாராத செலவு வந்தாலும் அது தாங்கும்.

என் கவலையெல்லாம் கார் எடுக்கும் மேசையில்தான். விமானம் இறங்கிய களைப்போடு, பழக்கமில்லாத வலப்பக்கச் சாலையில் அன்றே வண்டி ஓட்ட வேண்டாம். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் வூர்ட்ஸ்பர்க் போய்த் தூங்கி எழுந்து, மறுநாள் அங்கே காரை எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம். ஆட்டோமேட்டிக் வண்டியை முன்பே கேட்டு வாங்குங்கள், சற்று விலை கூடினாலும் சரி. டெபாசிட்டுக்கு ஓட்டுபவரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரக்ஸ் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அந்தத் தொகை கார்டில் முடக்கப்படும், எனவே போதிய வரம்பு இருக்கட்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும்.

அடிப்படைக் காப்பீடு என்பது முழுக் காப்பீடு அல்ல. சேதம் ஏற்பட்டால் முதல் பங்கு உங்களுடையது. அது பல இடங்களில் 1,000 யூரோவைத் தாண்டும். டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் அதில் சேராது. முன்பதிவின்போதே அந்தப் பங்கைப் பூஜ்யமாக்கும் திட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் கேட்டால் விலை கூடும். சாவி வாங்கியதும் நான்கு சக்கர விளிம்புகள், முன்கண்ணாடி, பெட்ரோல் அளவு மூன்றையும் படம் எடுங்கள். வண்டியில் நீல நிற அட்டைக் கடிகாரம் ஒன்று இருக்கும். இலவச பார்க்கிங் இடங்கள் பலவற்றில், வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணியில் முள்ளை வைத்து அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும், 10.10க்கு வந்தால் 10.30. மறந்தால் அபராதம், அதோடு வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் உங்கள் கார்டில் ஏறும்.

வழியில் ஆக்ஸ்பர்க்கில் அரைநாள் நில்லுங்கள். அரசர்களுக்கே கடன் கொடுத்த வங்கியாளர் யாகோப் ஃபுகர் 1521ல் ஏழைகளுக்காக நிறுவிய குடியிருப்பு இன்றும் இயங்குகிறது. ஆண்டு வாடகை 88 சென்ட், கூடவே தினமும் மூன்று பிரார்த்தனைகள். அதை நடத்தும் அறக்கட்டளையின் வருமானத்தில் பெரும் பங்கு காடுகளிலிருந்து வருகிறது. பணத்தைப் பற்றி நான் மகளிடம் பேச நினைத்தால் அந்தத் தெருவில் நின்றுதான் பேசுவேன்.

ஜனவரியில் வைப்புநிதி முதிர்ந்ததும் மீண்டும் நீண்ட காலத்துக்குப் போடாமல் சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ வையுங்கள். பங்குச்சந்தைப் பக்கம் போக வேண்டாம். யூரோவை ஒரே நாளில் வாங்காமல் மூன்று தவணையாக ஃபாரக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். கிரெடிட் கார்டில் பொதுவாக 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4 சதவீதத்தைத் தாண்டும். கடைக்காரர் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோ என்று மட்டும் சொல்லுங்கள்.

முகவரிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார், விகிதம் அடிக்கடி மாறுகிறது, அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடியது, ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும்வரை கைப்பணம் முடங்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பிப்பதையும், ஃபுஸ்ஸன் அருகிலுள்ள நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுப்பதையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். விசா கையில் வரும்வரை அறைகளை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு மட்டுமே பதிவு செய்யுங்கள்.