பில்லு ஏறுதா? மொதல்ல மீட்டர்ல மினுக்கற லைட்ட பாருங்க

கேள்வி: வீட்ல புதுசா எந்த சாமானும் வாங்கல, ஆனா கரண்ட் பில் நெறைய வந்திருக்கு. மீட்டர் தப்பா ஓடுதோன்னு சந்தேகம். மாத்தித்தரச் சொல்லி கேக்கலாமா?

பதில்: கேக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி நீங்களே பாத்துக்க வேண்டியது கொஞ்சம் இருக்குங்க. பில்லுல பணத்த விடுங்க, யூனிட்ட பாருங்க, அது எத்தன நாளைக்கான யூனிட்னும் பாருங்க. ரீடிங் எடுக்க நாலஞ்சு நாள் லேட்டானாலே யூனிட் கூடிடும், யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுற ஸ்லாப் முறைன்னா அந்த நாலு நாளே பில்ல எங்கயோ கொண்டு போயிடும். அதனால யூனிட்ட நாளால வகுத்து, போன வருஷம் இதே சீசன்ல வந்ததோட ஒப்பிடுங்க. வெயில் காலத்துல ஃபேன், ஏசி மட்டும் இல்ல, ஃப்ரிட்ஜோட கம்ப்ரசரும் கூடுதல் நேரம் ஓடும்.

அப்பவும் கூடத்தான் இருக்குன்னா இத செய்ங்க. எல்லா ஸ்விட்சையும் ஆஃப் பண்ணி, ஃப்ரிட்ஜ், ரூட்டர், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் பிளக்கோட புடுங்கிட்டு, மெயின மட்டும் ஆன்ல விட்டுட்டு மீட்டர்ல மினுக்கற சின்ன லைட்ட ஒரு கால் மணி நேரம் கவனிங்க. அது தொடர்ந்து மினுக்கிட்டே இருந்தா எங்கயோ கரண்ட் போகுதுன்னு அர்த்தம். எம்சிபிய, அதாவது மெயின் பாக்ஸ்ல ஒவ்வொரு லைனுக்கும் இருக்கற சின்ன ஸ்விட்ச, ஒண்ணொண்ணா எறக்குங்க, எத எறக்கும்போது மினுக்கல் நிக்குதோ அந்த லைன்லதான் விஷயம். நீங்க மறந்தே போன ஒரு லைட்டோ மோட்டாரோ இருக்கலாம், இல்ல வயர்ல லீக்கேஜ் இருக்கலாம். லீக்கேஜ்னா எலக்ட்ரீஷியன கூப்பிடறத தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க, அதுல போறது காசு மட்டும் இல்ல, ஷாக் அடிச்சா உயிருக்கே ஆபத்து. மெயினையே எறக்கின பிறகும் மினுக்குதுன்னா கோளாறு மீட்டர்லயோ, மீட்டர்லேர்ந்து மெயினுக்கு வர்ற வயர்லயோ இருக்கு. அப்ப வீடியோ எடுத்து வச்சுக்கிட்டு எழுத்துல கம்ப்ளைன்ட் குடுங்க.

பெரும்பாலும் நடக்கறது என்னன்னா, புதுசா எதுவும் வந்திருக்காது, பழசு ஒண்ணு மெதுவா கெட்டுப் போயிருக்கும். ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர வச்சு மூடி இழுத்துப் பாருங்க, லேசா வந்துட்டா கேஸ்கெட், அதான் கதவச் சுத்தி இருக்கற ரப்பர், போச்சு, குளிரெல்லாம் வெளிய போயிட்டே இருக்கு. குளிர் போதும்னதும் கம்ப்ரசர நிறுத்துற தெர்மோஸ்டாட் கெட்டுப்போன ஃப்ரிட்ஜ் நிக்காம ஓடும், அந்த சத்தம் காதுக்குப் பழகிப் போறதால நமக்குத் தெரியவே தெரியாது. கீசரும் அப்படித்தான். 15 லிட்டர் தண்ணிய 25 டிகிரிலேர்ந்து 60 டிகிரிக்கு சூடாக்க சுமார் 0.6 யூனிட் போதும், ஆனா நாள் பூரா ஆன்லயே விட்டா ஆற ஆற திரும்பத் திரும்ப சூடாக்கிட்டே இருக்கும்.

எந்த சாமான் எவ்வளவு இழுக்குதுன்னு தெரியணுமா, அந்த லைட்டே போதும். மீட்டர் மேல ஒரு யூனிட்டுக்கு எத்தன மினுக்கல்னு போட்டிருக்கும். 3200ன்னு வச்சுக்குவோம். மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிட்டு அந்த ஒண்ண மட்டும் ஓட விட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 16 தடவ மினுக்கினா ஒரு மணி நேரத்துக்கு 960, அத 3200ஆல வகுத்தா 0.3 யூனிட், அதாவது 300 வாட். பத்து பைசா செலவில்லாம வீட்டு கணக்கு மொத்தமும் கைக்கு வந்துடும், அதனாலதான் எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இத பண்ணுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

கேள்வி: பிளக்ல சொருகினா பில் பாதியா குறையும்னு ஒரு பவர் சேவர் பெட்டி விக்கறாங்க. நேர்லயே ஆம்பியர் குறையறத மெஷின் வச்சு காமிச்சாங்க. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. உள்ள ஒரு கெபாசிட்டரும் ஒரு லைட்டும்தான் இருக்கும், சிலதுல அந்த கெபாசிட்டர்கூட பேருக்குத்தான். அவங்க காமிச்ச ஆம்பியர் நிஜமாவே குறைஞ்சிருக்கும், அதுலதான் ஜனங்க ஏமாந்து போறாங்க. மோட்டார் மாதிரி சாமானுக்கும் லைனுக்கும் நடுவுல சும்மா போயிட்டு போயிட்டு வர்ற கரண்ட் கொஞ்சம் உண்டு, கெபாசிட்டர் குறைக்கறது அத. வீட்டு பில் போடறது நிஜமா செலவான யூனிட்டுக்கு, அதுல எதுவும் குறையாது. பவர் ஃபேக்டருக்குன்னு, அதாவது இப்படி சும்மா போய் வர்ற கரண்ட் கூடினதுக்குன்னு, தனியா காசு கட்டற ஃபேக்டரிகளுக்கு பெரிய கெபாசிட்டர் பேனல் பிரயோஜனம்தான், ஆனா அத காட்டி வீட்டுக்காரங்ககிட்ட விக்கறது மோசடி. விக்க வந்தவர் முன்னாடியே ஒரு ஃபேன ஓட விட்டு, பெட்டிய சொருகியும் சொருகாமலும் மினுக்கல எண்ணிக் காட்டுங்க.

கேள்வி: பழைய ஃபேன எல்லாம் மாத்திட்டு பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் வச்சது) போட்டா லாபமா?

பதில்: எந்த ரூம் ஃபேன்ங்கறதுதான் கேள்வி. சாதா சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீட்ல 75 வாட் மாதிரி எடுக்கும், பிஎல்டிசி 30 வாட் பக்கம். வித்தியாசம் 45 வாட். தினம் 18 மணி நேரம் ஓடுற ஹால்னா வருஷத்துக்கு 295 யூனிட் மிச்சம், நாலு மணி நேரம் ஓடுற ரூம்னா 65 யூனிட்தான். அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, அதிகமா ஓடுறத மட்டும் மொதல்ல மாத்துங்க. ஸ்லாப் முறை இருந்தா, மிச்சமாகற யூனிட் உங்க பில்லோட உச்சத்துலேர்ந்துதான் குறையும், கடைசி ஸ்லாப் ரேட்டால பெருக்கிப் பாருங்க.

வாட்ட மட்டும் பாத்தா போதாது, எவ்வளவு நேரம் ஓடுதுன்னும் பாக்கணும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ பாத்து பயப்படறோம், கால் மணி நேரத்துக்கு அது எடுக்கறது 0.25 யூனிட். பழைய ஃபேன் 20 மணி நேரம் சுத்தினா 1.5 யூனிட்.

கேள்வி: சார்ஜர பிளக்லயே விட்டுடறேன்னு வீட்ல தினமும் சண்டை. அவ்வளவு கரண்டா போகுது?

பதில்: நல்ல புது சார்ஜர்னா சும்மா இருக்கும்போது 0.1 வாட் பக்கம்தான், வருஷம் முழுக்க விட்டாலும் ஒரு யூனிட் வராது. சண்டைய செட்டாப் பாக்ஸ் பக்கம் திருப்புங்க, ரிமோட்ல ஆஃப் பண்ணினாலும் 10 வாட் வரைக்கும் இழுக்கறது உண்டு, அப்படி இருந்தா வருஷத்துக்கு 87 யூனிட். ராத்திரி படுக்கும்போது ஸ்விட்ச அமத்திடுங்க.