ஏச்சு மறக்காத மகளும் விடிகாலை லைட்டும்

டீச்சர் ஏசியதை நினைத்து மகள் இன்னும் அழுகிறாள், சரியாகத் தூங்குவதில்லை, பயந்து கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கைக்கு வந்த மனநோய் மகளுக்கும் வந்துவிட்டதோ என்பதுதான் உங்கள் பயம் அம்மா. நாலு பக்கக் கடிதத்தில் அதை மட்டும் நீங்கள் நேரே கேட்கவில்லை. அதற்கான அடையாளம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்னால் வருகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், கூட்டாளிகளோடு சிரிக்கிறாள். 13 வயதுப் பிள்ளை, தூக்கம் போதவில்லை, மனசு பயந்து கிடக்கிறது.

ஆனால் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி. போனைப் பறித்தபோது "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே" என்றாளாம். வாய் கூடிப்போச்சு என்று நீங்களும் ஏசியிருக்கிறீர்கள். அநேகமாகக் கோபத்தில் வந்த பேச்சாகத்தான் இருக்கும். இருந்தாலும், சரியாகத் தூங்காத பிள்ளை அப்படிச் சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். இன்றைக்கே, தம்பி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அருகில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு நெனப்பு வருதா?" கேட்பதால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 1926க்குப் போன் எடுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். இல்லை என்று சொன்னாலும், மரக்கறிப் பாத்திக்கு அடிக்கிற மருந்தையும் வீட்டில் கிடக்கிற மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கிற கை வியர்ப்பது, முடி கொட்டுவது, தூக்கத்தில் பிதற்றுவது எல்லாவற்றையும் விடுங்கள். மூளையில் கட்டி என்று யூடியூபில் பார்த்ததையும் விடுங்கள். கோயிலில் கட்டிய நூல் கையிலேயே இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை.

பிரிட்டன் (Piriton) மாத்திரை மட்டும் இன்றோடு நிற்க வேண்டும். இரண்டு கிழமையாக இரவில் ஒன்று கொடுத்து வந்திருக்கிறீர்கள், யாரைக் கேட்டு? அது ஒவ்வாமைக்கான மருந்து. கண்ணைச் சொக்க வைக்கும், சில நாளில் உடம்பு அதற்கும் பழகிவிடும், அப்புறம் காலையில் தலை மந்தம்தான் மிச்சம். கடையில் கேட்டதும் தருகிறார்கள் என்பதற்காக அது தூக்க மருந்தாகிவிடாது.

சரி, தூக்கத்துக்கு வருவோம். டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் கொப்பியை வீசி மூன்று மாதம் ஆகிறது, இன்னும் நேற்று நடந்த மாதிரி அழுகிறாளே என்கிறீர்கள். பகலில் மனசைச் சுட்ட விஷயத்தை மூளை இரவில் எடுத்து அடுக்குகிறது. நடந்தது ஞாபகத்தில் இருக்கும், சூடு மெல்லக் குறையும். கனவு நிறைய வருகிற தூக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தத் தூக்கம் அதிகம் வருவது இரவின் பின்பாதியில், விடியப்போகிற நேரத்தில். தூங்காத மூளைக்குப் பயமும் பெரிதாகத் தெரியும். 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுக்க விழித்திருந்த இளைஞர்களுக்கு மனசு பதறும் படங்களைக் காட்டினார்கள். பயத்தைக் கிளப்புகிற அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 வீதம் கூடுதலாகத் துடித்தது. அவர்கள் வளர்ந்தவர்கள், ஓர் இரவுதான். உங்கள் மகளுக்கு இது மாதக்கணக்கு.

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அவள் 12 மணிக்குப் படுக்கிறாள். அதில் முழுக்கப் பிடிவாதம் என்று சொல்லவும் முடியாது, பெரிய பிள்ளையாகிற பருவத்தில் உடம்பின் மணிக்கூடே ஒன்றிரண்டு மணி பிந்தி ஓடும். நாலரைக்கு நீங்கள் லைட்டைப் போட்டு ரொட்டி தட்டத் தொடங்குகிறீர்கள். அடுப்பும் படுக்கையும் ஒரே காம்பராவில். பிள்ளை எழும்பாமல் என்ன செய்யும்? வெட்டுப்படுவது அந்தப் பின்பாதித் தூக்கம்தான்.

உங்களைக் குறை சொல்லவில்லை, விடியவே தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க, பிரட்டுக்குப் போகிறவருக்கு வேறு வழி இல்லை. மாவை இரவே பிசைந்து வையுங்கள். அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, அடுப்புப் பக்கம் மட்டும் சின்ன பல்ப் போடுங்கள். 6 மணி வரை அவளை எழுப்ப வேண்டாம். இரவு 9 மணிக்குப் போன் உங்கள் தலையணைக்கு அடியில். உங்களுடைய போனும்தான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சாயத் தண்ணி, அதாவது தேத்தண்ணி, வேண்டாம். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது.

இரண்டு கிழமை இப்படிச் செய்தும் பயம் குறையாவிட்டால், பக்கத்து ஆதார வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாள் என்று விசாரித்துக் கூட்டிப்போங்கள். டாக்டர் அவளோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். கோபித்துக்கொள்ளாமல் வெளியே பெஞ்சில் இருங்கள்.