மெயில் மெர்ஜில் நிலுவை உள்ளவருக்கு ஒரு வாக்கியமும் இல்லாதவருக்கு வேறொரு வாக்கியமும் வரச் செய்வது எப்படி?

கேள்வி கேட்டவர் தமது சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எக்செல்லில் வைத்துக்கொண்டு, வேர்டின் மெயில் மெர்ஜ் வசதியால் ஒரே கடிதத்தை அவரவர் பெயரோடும் விவரத்தோடும் அனைவருக்கும் தயாரிக்க முயல்கிறார். சந்தா நிலுவையைப் பார்த்து வாக்கியத்தை மாற்றும்படி அவர் இட்ட நிபந்தனைப் புலம் (பட்டியலைப் பார்த்து வேர்டு தானே நிரப்பும் இடம்) சிலருக்குத் தவறான வாக்கியத்தைக் காட்டுகிறது என்றும், பெயரோடு "க்கு" சேரும் இடத்தில் தமிழ் பிழையாகிறது என்றும் எழுதியிருக்கிறார். இலங்கையில் ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்தில் 7 ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பு தோட்டத்தின் 4 டிவிசன்களிலும் (பிரிவுகளிலும்) உள்ள உறுப்பினர்களுக்கு இதே வகைக் கடிதத்தை இதே முறையில்தான் அனுப்பி வருகிறேன் என்பதால், பட்டறிவிலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் பெயர்ச் சிக்கல். நிபந்தனை எதுவும் போடாமலேயே அதைத் தீர்க்கலாம். பெயர்ப் புலத்துக்குப் பின்னால் "க்கு" என்று தட்டச்சு செய்தால் மீனாட்சிக்குச் சரியாக வரும். ஆனால் செல்வம் "செல்வம்க்கு" ஆகிவிடுவார், கலா "கலாக்கு" ஆகிவிடுவார். கணினிக்குப் புணர்ச்சி தெரியாது. பெயரின் கடைசி எழுத்தைச் சோதித்து அதற்கேற்ற உருபைச் சேர்க்கும் நிபந்தனைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒரு மழைக்கால இரவு முழுவதையும் நான் செலவிட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அவை அனைத்தையும் அழித்துவிட்டு, பெயருக்குப் பின்னால் "அவர்களுக்கு" என்று எழுதினேன். எந்தப் பெயருக்கும் அது பொருந்தியது. ஆண், பெண் வேறுபாடும் அவ்வாறே: "செலுத்தியுள்ளார்" என்ற மரியாதை வினை இருவருக்கும் பொதுவானது. திரு, திருமதி, செல்வி என்பவற்றுக்கு மட்டும் பட்டியலில் ஒரு தனி நிரல் (செங்குத்து வரிசை) வைத்தால் போதும். ஆங்கில மாதிரிக் கடிதங்களில் பாலுக்கு ஏற்ப மாறும் சொற்களுக்காக இடும் நிபந்தனைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கடிதத்துக்குத் தேவைப்படுவதில்லை. ஆகவே, எந்த நிபந்தனையையும் போடுவதற்கு முன், வாக்கியத்தை வேறு விதமாக எழுதி அதைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள்.

தவிர்க்க முடியாதது நிலுவை. வேர்டின் மெயிலிங்ஸ் பட்டியில் ரூல்ஸ் என்பதற்குள் "இஃப் தென் எல்ஸ்" இருக்கிறது. அதில் நிலுவை என்ற புலத்தைத் தெரிந்து, 0-ஐ விடப் பெரிது என்ற ஒப்பீட்டை வைத்து, ஒரு பெட்டியில் நிலுவை உள்ளவருக்கான வாக்கியத்தையும் மற்றதில் இல்லாதவருக்கான வாக்கியத்தையும் எழுத வேண்டும். பலர் அந்தப் பெட்டிக்குள் தொகையும் வர வேண்டும் என்று புலத்தின் பெயரை இரட்டைக் கோண அடைப்புக்குறிக்குள் தாமே தட்டச்சு செய்கிறார்கள். அது வெறும் எழுத்தாகவே அச்சாகும். பெட்டியில் தற்காலிகமாக ஏதாவது ஒரு சொல்லை இட்டு மூடிவிட்டு, ஆல்ட் விசையுடன் எஃப்9 அழுத்தினால் புலத்தின் உள்ளமைப்பு நெளி அடைப்புக்குறிகளோடு தெரியும். மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் அந்தச் சொல்லின் இடத்தில், இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட் வழியாக நிலுவைப் புலத்தை நுழையுங்கள். நெளி அடைப்புக்குறியை விசைப்பலகையில் தட்டினால் வேர்டு அதைப் புலமாக ஏற்காது. புதிய புலம் வேண்டுமானால் கண்ட்ரோல் விசையுடன் எஃப்9 அழுத்த வேண்டும். எக்செல்லில் 1,250.00 என்று தெரியும் தொகை கடிதத்தில் 1250 என்று மொட்டையாக வருவதும் இயல்பே, ஏனெனில் எக்செல்லின் எண் வடிவம் வேர்டுக்கு வருவதில்லை. புலத்தின் பெயருக்குப் பின் ஓர் இடம் விட்டு, பின்சாய்கோடும் # குறியும் இட்டு, மேற்கோள் குறிக்குள் #,##0.00 என்று எழுதினால் சரியாகிவிடும்.

தவறான வாக்கியம் ஏன் வருகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் நெஞ்சுப் பகுதி. எனக்கும் அது நேர்ந்தது. ஓர் ஆண்டு, தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் கடிதங்களைக் கொடுத்த அன்று மாலையே, கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்த பற்றுச்சீட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நான் மாசாமாசம் கட்டின காசு எங்க போச்சு?" என்று கேட்டார். அவருடைய கடிதத்தில் நிலுவையைச் செலுத்தும்படி எழுதியிருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தால், நான் 0 போட வேண்டிய இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தேன். எழுத்தும் எண்ணும் எதிரெதிரே வரும்போது வேர்டு இரண்டையும் எழுத்துகளாகவே ஒப்பிடுகிறது. அந்த வரிசையில் "இ" 0-க்குப் பின்னால் வருவதால் நிலுவை உண்டென்ற வாக்கியம் அச்சாகிவிட்டது. சந்தாவை ஒரு மாதமும் தவறாமல் கட்டியவருக்கு அப்படியொரு கடிதம் போனதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து நிபந்தனை பார்க்கும் நிரலில் எண்ணைத் தவிர வேறெதையும் நான் எழுதுவதில்லை. வெற்றுக் கட்டமும் விடுவதில்லை.

சொல்லை வைத்து ஒப்பிடும் நிரல்களில் ஆபத்து இன்னும் கூடுதல். "ஓய்வு" என்று ஒருவரும் "ஓய்வுபெற்றவர்" என்று இன்னொருவரும் பதிந்திருப்பார்கள். ஒரு சொல்லின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கும். நம் பக்கத்தில் பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் உள்ளன. அவற்றில் திரையில் தெரிவது தமிழ் என்றாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோடில் நீங்கள் எழுதும் நிபந்தனையோடு அவை ஒருபோதும் பொருந்தா. முதலில் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு, முடிவெடுக்கும் வேலையை எக்செல்லிடமே விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நிலுவையும் ஓய்வும் சேர்ந்து 4 வகைக் கடிதங்கள் தேவைப்பட்டால், "கடிதவகை" என்றொரு நிரலில் சூத்திரத்தின் மூலம் 1 முதல் 4 வரை வரச் செய்து, வேர்டில் அந்த எண்ணை மட்டும் சோதியுங்கள். பிழை இருந்தால் வடிகட்டிப் பார்த்த உடனே கண்ணில் படும். வேர்டின் அடுக்கு அடைப்புக்குறிகளுக்குள் அதைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

முகவரியிலும் உங்களுக்கு நிபந்தனைப் புலம் பயன்படும். 7 பேர்ச் (நில அளவு) காணியில் தனி வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு வீட்டு இலக்கம் இருக்கிறது. வரிசை வீடுகளான லயன் அறைகளில் இருக்கும் பலருக்குத் தனி முகவரி இன்னும் இல்லை, கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர வேண்டியிருக்கிறது. "வீட்டு இலக்கம்" என்ற சொல்லையும் எண்ணையும் நிபந்தனைக்குள் வைத்தால், இலக்கம் இல்லாதவருக்கு அந்த இடத்தில் ஒரு வெற்று வரி நிற்கும். ஆல்ட் எஃப்9 அழுத்தி, இலக்கம் உள்ளவருக்கான மேற்கோள் குறி மூடுவதற்கு முன்பே என்டர் விசையைத் தட்டி, அடுத்த வரியைப் புலத்தோடு ஒட்டி எழுதினால், வரி தேவைப்படும்போது மட்டும் தோன்றும்.

லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துபவர்கள் ரைட்டரில் கண்ட்ரோல் எஃப்2 அழுத்தி, ஃபங்ஷன்ஸ் என்ற பகுதியில் கண்டிஷனல் டெக்ஸ்ட் என்பதைத் தெரிய வேண்டும். அங்கே ஹிடன் பேரகிராஃப் என்ற வசதியும் உண்டு. நிபந்தனை உண்மையானால் பத்தி மறையும் என்பதால், வேர்டில் எழுதிய நிபந்தனையை அதில் தலைகீழாக எழுத வேண்டும்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன், நேரடியாக அச்சிடாமல் எடிட் இன்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ் மூலம் எல்லாக் கடிதங்களையும் ஒரு புதிய கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலைக் கடிதவகைப்படி வரிசைப்படுத்தியிருந்தால் ஒவ்வொரு வகையின் முதல் கடிதத்தையும் கடைசிக் கடிதத்தையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். எங்கள் சங்கத்தில் அந்த ஒப்பீட்டைப் பொருளாளரே செய்கிறார். பட்டியலைத் தயாரித்தவன் நான் என்பதால் என் கண்ணுக்கு என் பிழை தப்பிவிடும்.