வீட்டைப் பார்த்துக்கொண்டவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆச்சிக்கு,

என் ஐயா, அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர், போன மாதம் தவறிவிட்டார். வயது 88. கண்டனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வருஷ திதிக்குள் ஒரு நினைவுப் புத்தகம் போடலாம் என்று பேரப்பிள்ளைகள் பேசினோம். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு பக்கம் தாண்டவில்லை. அவருடைய அப்பச்சி 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். ஐயா எங்கேயும் போகவில்லை. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார், அப்புறம் வீட்டைப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் கட்டவில்லை, திருப்பணி செய்யவில்லை. "குடும்பத்துக்காகவே வாழ்ந்தார்" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. பெட்டியில் முப்பது டைரிக்கு மேல் இருக்கிறது. எல்லாம் பால் கணக்கும் பஸ் நேரமும்தான். "மதுரை பஸ் 4.10. தம்பி இறங்கவில்லை. அடுத்தது 5.25." தம்பி என்பது நான்தான். இப்படியே போகிறது. எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் விட்டிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பிக்கு,

"பால் கணக்கும் பஸ் நேரமும்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் 'தானை' முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் புத்தகம் அந்த டைரிகளில்தான் இருக்கிறது.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் கதை சொல்ல உட்கார்ந்தால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போனவர்களைப் பற்றித்தான் பேசுவோம். பர்மா, மலாயா, சைகோன், இலங்கை. மூன்று வருஷக் கணக்கு முடித்துக் கப்பலில் திரும்பி வந்தவர்கள், தேக்கும் பளிங்கும் இறக்கி வீடு கட்டியவர்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் ஜப்பான் படை நகரத்தைப் பிடித்தது. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். உங்கள் ஐயாவின் அப்பச்சி அதில் ஒருவர். அவர் வந்து முகப்பில் ஏறியபோது உங்கள் ஐயாவுக்கு ஐந்து வயது இருந்திருக்கும். அந்தப் பாதங்களையும் அந்தச் செருப்பையும் பார்த்த பிள்ளை, பிறகு ஊரை விட்டுப் போகவே இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் சொல்ல முடியாது. அப்பத்தா இருக்கிறார்கள் என்றால் உடனே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பது பட்டணத்தில் வளர்ந்த உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிய நியாயமில்லை. விடிந்ததும் முகப்புக் கதவைத் திறக்க வேண்டும். அந்தப் பெரிய சாவியைத் திருப்பவே இரண்டு கை வேண்டும். வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) வாசலில் புறா எச்சம் கழுவ வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் ஏற்றி ஓடு மாற்ற வேண்டும். ஒரு ஓடு நகர்ந்தால் போதும், தண்ணீர் உத்திரம் வழியே இறங்கும், சில மழைக்காலத்தில் தேக்கும் உளுத்துப்போகும். வரி கட்டி, அதைப் பங்காளிகளுக்குப் பிரித்து, கொடுக்காதவர் பங்கையும் தன் கையிலிருந்து போட வேண்டும். கொடுக்காதவரிடம் முகம் கோணாமலும் இருக்க வேண்டும். பூட்டிக் கிடந்து, கடைசியில் கதவும் தூணும் கழற்றி விற்கப்பட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் கல்யாணம் சொந்த வளவில் நடந்ததா? கோயில் மாலை அந்த வாசலுக்கு வந்ததா? அப்படியென்றால் அவர் ஒன்றும் கட்டவில்லை என்று எழுதாதீர்கள். கட்டியதை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் ஐயா போனபோது நானும் ஒரு பக்கம் எழுதினேன். பொறுமை, கருணை, அன்பின் வடிவம் என்று நிரப்பியிருந்தேன். போன வருஷம் எடுத்துப் படித்தேன். அதில் என் ஐயா இல்லை. யாருடைய ஐயாவுக்கும் அது பொருந்தும். எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

அவர் என்னிடம் இருப்பது பிள்ளையார் நோன்பு இரவில். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைப்பார். நோன்பன்றைக்கு 21 இழையையும் திரித்துத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுவார். இழை என்று நாங்கள் சொல்லும் அந்த மாவை வீட்டில் மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். எனக்கு ஆறு வயதில் பயம். சுடர் உதட்டுக்கு வரும்போது அவர் மற்றக் கையை என் தாடைக்குக் கீழே ஏந்திப் பிடித்தார். நெய் அவர் உள்ளங்கையில் சொட்டியது. கையை எடுக்கவில்லை. என் ஆச்சி (அக்கா) கர்ப்பமாக இருந்த வருஷம் அவளுக்கு இரண்டு இழை கொடுத்தார். பிறக்காத பிள்ளையும் அவர் கணக்கில் வந்துவிட்டது.

உங்கள் ஐயாவின் டைரியும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. 4.10க்கு நீங்கள் இறங்கவில்லை. 5.25 பஸ் வரைக்கும் ஒன்றேகால் மணி நேரம். வீட்டுக்குப் போய்விட்டு வந்தாரா, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரா? உங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து எழுதியிருக்கிறார். பால் கணக்கையும் பாருங்கள். நீங்களெல்லாம் லீவுக்கு வந்த மே மாதத்தில் எத்தனை லிட்டர், நீங்கள் போன மறுநாள் எத்தனை.

புத்தகத்தில் டைரி வரிகளை அப்படியே போடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். அவர் கோபப்பட்டதையும் யாரோடாவது பேசாமல் இருந்ததையும் மறைக்க வேண்டாம். படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், டைரிப் பக்கத்தையே படமாகப் போடலாம்.

அப்புறம் ஒன்று. 5.25 பஸ்ஸில் நீங்கள் வந்தீர்களா? அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி