அழுகுவதும் அழுகாததும்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். வயது 39. ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். என் கணவர் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி வந்தார். மூன்று வருடம் நன்றாகப் போனது. வேலை முழுக்க ஒரே கம்பெனிக்குத்தான். போன வருடம் அங்கே பேமெண்ட் நின்றது. இன்னும் ஆறு லட்சம் வரவேண்டியிருக்கிறது. டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க நகையை வைத்தோம். கடைசியில் ஐப்பசியில் ஷட்டரை இறக்கிவிட்டோம். வங்கிக் கடன் ஒன்பது லட்சம் நிற்கிறது. இரண்டு தவணை கட்டவில்லை.

ஊரில் மாமனார் கொடுத்த அறுபது சென்ட் நிலம் இருக்கிறது. அதை விற்று மறுபடி யூனிட் போடலாம், விட்டதை ஒரே சீசனில் பிடித்துவிடலாம் என்கிறார் கணவர். மெஷின்களை விற்றுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போங்கள் என்கிறார் என் அண்ணன். பையன் பத்தாவது படிக்கிறான். கடன் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எதிலும் முடிவெடுக்க முடியவில்லை. பையனின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடக் கை நடுங்குகிறது. சில ராத்திரி, விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. மனதைத் திடமாக வைத்துக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி வைத்துக்கொள்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

விடியாமலே இருந்தால் தேவலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த வரியை உங்கள் அண்ணனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல்லுங்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கடனைப் பற்றி நான் கீழே எழுதுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரிய அடியைப் பற்றிச் சொல்கிறேன். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, இருநூறு மரம் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. விடிந்து பார்த்தால் முப்பது சொச்சம் மரம்தான் நின்றது. மற்றவை வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. அப்பாவுக்கு அப்போது 71 வயது. எங்கள் பக்கம் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். தான் நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றிய பிள்ளைகளுக்கு நடுவில் மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

நான்காம் நாளே நிலம் கேட்டு ஒரு தரகர் வந்தார். விலை பாதிக்கும் கீழே. ஊரில் சில பேர் கொடுத்தும்விட்டார்கள். எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. அப்பா சொன்ன பதிலை இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன். "எது அழுகுதோ அத மொதல்ல பாப்போம். நிலம் அழுகாது. தை பொறக்கட்டும், பேசுவோம்."

விழுந்து கிடந்த மரங்கள்தான் உண்மையிலேயே அழுகுகிற சங்கதி. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். காயம்பட்ட மரத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். இரண்டும் சேர்ந்து, தப்பி நிற்கிற முப்பதையும் முடித்துவிடும். அதனால் மரம் அறுக்கும் மெஷினுக்கு அலைந்து, பக்கத்துத் தோப்புக்காரரோடு வாடகையைப் பங்கு போட்டு, முதலில் தோப்பைக் காலி செய்தோம். மரத்துக்கு இழப்பீடு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்தக் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பட்டா, சிட்டா கையில் இருக்க வேண்டும். அதுவும் அழுகுகிற வேலைதான். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஊரில் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். அந்த மாதங்களில் வீடு ஓடியது அம்மாவின் இரண்டு கறவை மாட்டால். பால் காசு தினமும் வந்தது. அதுவரை அந்த மாடுகளை நாங்கள் ஒரு வருமானமாகவே நினைத்ததில்லை.

தப்பு செய்தவன் நான். ஊரெல்லாம் கன்று தேடுகிறார்களே, நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று இரண்டாவது வாரமே முன்பின் தெரியாத ஒருவரிடம் நூறு தென்னம்பிள்ளை வாங்கி இறக்கினேன். கழுத்து மெலிந்த கன்றுகள். பாதி பிழைக்கவில்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. தை பிறந்ததும் சொன்னபடி உட்கார்ந்து பேசினோம். பாதி நிலத்தில் மட்டும், 25 அடிக்கு ஒன்றாக, பார்த்துப் பொறுக்கிய கன்று. இடைவெளியிலும் மீதி நிலத்திலும் உளுந்தும் கடலையும். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும் என்பதால் நெட்டையும் ஒட்டு ரகமும் கலந்து வைத்தோம். புயலுக்கு மறுநாள் முடிவெடுத்திருந்தால் இப்படி யோசித்திருக்க மாட்டோம்.

மனத்திடம் என்று நீங்கள் கேட்பதை நான் அந்தத் தோப்பில் பார்த்தேன். அப்பா ராத்திரியில் அழுதார். கை நடுங்கியது. ஆனாலும் காலையில் எழுந்து, அன்றைக்கு எது அழுகும் என்று பார்த்து அதைச் செய்தார். திரும்ப வாங்க முடியாததை மட்டும் அந்த நிலையில் தொடமாட்டேன் என்றார். கை நடுங்குவது நின்ற பிறகுதான் வாழ்க்கையைத் தொடங்க வேண்டும் என்றில்லை, எஸ்.

இப்போது உங்கள் வீட்டில் எது அழுகுகிறது?

முதலாவது வங்கி. தவணை தவறி 90 நாள் தாண்டினால் உங்கள் கடனை வாராக்கடன் கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டு தவணைதான் நின்றிருக்கிறது என்பதால் இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. யூனிட் மூடிய விவரத்தையும் வரவேண்டிய பாக்கியையும் எழுதி எடுத்துக்கொண்டு போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச்சொல்லிக் கேளுங்கள். கொடுப்பார்களா என்பது அவர்கள் கையில். ஆனால் 90 நாளுக்குப் பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது எவ்வளவோ மேல்.

இரண்டாவது அந்த ஆறு லட்சம். இதை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள், எனக்கு அது வருத்தமாக இருந்தது. கடன் வாங்கியதை நினைத்து நடுங்குகிற நீங்கள், உங்களுக்கு வரவேண்டியதை உரிமையோடு நினைக்கவே இல்லை. 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, வேலையை வாங்கிக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. வேலை எடுத்த காலத்தில் உங்கள் யூனிட்டுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருந்திருந்தால், இதற்கென்றே இருக்கிற கவுன்சிலில் மனு கொடுக்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப்பில் அவர்கள் ஒப்புக்கொண்ட செய்திகள் எல்லாவற்றையும் இந்த வாரமே தேதி வாரியாக அடுக்கிவையுங்கள். கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மூன்றாவது மெஷின்கள். சும்மா கிடந்தால் துரு ஏறும், விலை இறங்கும். ஓடுகிற யூனிட் எதற்காவது மாத வாடகைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். விற்றால் முடிந்தது, வாடகைக்கு விட்டால் திரும்பி வரும். ஒன்று கவனம்: அவை வங்கிக் கடனில் வாங்கியவை என்றால் வங்கியின் பிடியில் இருக்கும். அவர்களைக் கேட்காமல் விற்கவோ இடம் மாற்றவோ கூடாது.

அறுபது சென்ட் நிலம் அழுகாது. பையனின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து சித்திரை பிறக்கும்வரை நிலத்தைப் பற்றி வீட்டில் பேச்சே வேண்டாம் என்று நீங்கள், கணவர், அண்ணன் மூன்று பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடுவதற்கு ஒரு தேதி வேண்டும். தேதி இல்லாவிட்டால் அது தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காரும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. விட்ட இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது பேராசை இல்லை. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வரும். 3000 நிச்சயமாகப் போய்விடும் என்பது ஒரு வழி. 4000 போக நூற்றுக்கு எண்பது வாய்ப்பு, எதுவுமே போகாமல் தப்பிக்க இருபது வாய்ப்பு என்பது இன்னொரு வழி. நூற்றுக்கு 92 பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குப் போட்டால் அதில்தான் நஷ்டம் அதிகம். அதையே லாபமாக மாற்றிக் கேட்டபோது, பெரும்பாலோர் நிச்சயமாகக் கிடைக்கிற 3000 போதும் என்றார்கள். நஷ்டத்தில் நிற்கிற யாருக்கும் சூதாட்டம் நியாயமாகத் தெரியும். அவரிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம். ஷட்டரை இறக்கிய கை அவருடையது, அந்த வலி அவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

சித்திரையில் உட்காரும்போது ஒன்று செய்யலாம். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன முறை. அடுத்த தீபாவளி வந்துவிட்டது, புதிதாகப் போட்ட யூனிட்டும் மூடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மூடியது என்று மூன்று பேரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். அண்ணன் சொல்கிற வழிக்கும் அதேபோல எழுதுங்கள். நான் சொன்னேனே என்று யாரும் யாரையும் குத்தாமல், பயமெல்லாம் தாளில் வந்துவிடும்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. நீங்கள் போட்ட நாளில் உங்களுக்குத் தெரிந்தது என்ன? மூன்று வருடம் ஒழுங்காகப் பணம் வந்த இடம், வேலை தெரிந்த கணவர். அதை வைத்து எடுத்த முடிவு அது. பின்னால் நடந்ததை வைத்து அந்த நாளின் எஸ்ஸுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள். ஒரு குறை உண்மையிலேயே இருந்தது: எல்லா வேலையும் ஒரே கம்பெனிக்கு. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். இனிமேல் ஒரு நோட்டுப் போடுங்கள். பெரிய முடிவு எடுக்கும்போது தேதி போட்டு, இன்றைக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, இதனால் செய்கிறோம் என்று நாலு வரி. ஒரு வருடம் கழித்துப் புரட்டினால் எதில் தவறினோம், எதில் காலம் சரியில்லாமல் போனது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல் கடன் பேச்சு வேண்டாம். சாப்பிடுங்கள். பள்ளிப் படிவத்தில் நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வங்கிக்குத் தனியாகப் போக வேண்டாம், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் எத்தனை பீஸ் போயிற்று என்பது உங்கள் நோட்டில் இருக்கும், அவருக்கு மனப்பாடமாகவே தெரியும். மேலாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால், 14416-க்குப் பேசியாயிற்று என்று ஒரு வரி.