சுருங்கி அடிக்கிற இதயம் விரியவும் வேண்டும்

கேள்வி: எனக்கு 56 வயது, சாவகச்சேரியில் ஆசிரியை. ஏழு வருடமாகப் பிரஷர். லொசாட்டன் குளிசை தந்திருக்கிறார்கள். தலையிடித்தால் மட்டும் போடுவேன். போன மாதம் கிளினிக்கில் 168/96 இருந்தது. எக்கோ என்ற இதய ஸ்கான் செய்து பார்த்து, இதயத்தின் இடப்பக்கச் சுவர் 14 மில்லிமீற்றர் தடித்திருக்கிறது, ஆனால் இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு 62 வீதம், அது நல்லது என்றார்கள். நல்லது என்றால் பள்ளிக்கூட மாடிப்படி ஏறும்போது ஏன் எனக்கு இளைக்கிறது?

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது. 62 வீதம் நல்ல கணக்குத்தான். ஆனால் இதயத்துக்கு உள்ளே வந்த இரத்தத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். உள்ளே இரத்தம் எவ்வளவு சிரமப்பட்டு வருகிறது என்பதைச் சொல்லாது. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரஷர் கூடினால் இடது கீழறை ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் விசையோடு தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை. கிணற்றில் தண்ணீர் இறைத்து இறைத்துக் கை தடிப்பது போல அந்தத் தசையும் தடிக்கும். பெண்களுக்குச் சுவர் 9 மில்லிமீற்றர் வரை இருக்கலாம், உங்களுக்கு 14. இறைக்கிறவர் கையை ஆறவிடலாம், இதயம் ஆற முடியாது. அதனால் தசை இழைகள் தடிப்பதோடு அவற்றுக்கு இடையில் நார்ப்பொருளும் சேர்கிறது. அப்புறம் சுவர் விறைக்கிறது. இந்தத் தடிப்பைப் பலம் என்று நினைத்துவிடாதீர்கள்.

விறைத்த அறை தளர்ந்து விரியத் தயங்கும். இரத்தம் அதற்குள் நுழைய மேலறை அழுத்தித் தள்ள வேண்டும். அந்த அழுத்தம் பின்னோக்கிப் போய் நுரையீரலில் தேங்குகிறது. சும்மா இருக்கும்போது தெரியாது. படியேறும்போது துடிப்பு வேகமாகிறது, இரண்டு அடிகளுக்கு இடையில் அறை நிரம்பக் கிடைக்கும் நேரம் குறைகிறது, உடனே இளைக்கிறது. தடித்த தசைக்கு இரத்தமும் கூடுதலாகத் தேவை. அதற்கேற்ப இரத்தக் குழாய்கள் பெருகுவதில்லை. மேலறை நாளடைவில் வீங்கினால் துடிப்பு ஒழுங்கு தவறும், அங்கே கட்டிபடும் இரத்தம் மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம். இன்னும் கவனிக்காமல் விட்டால் அறையே தளர்ந்து பெருத்து, அந்த 62 உம் இறங்கும்.

குளிசைக்கு வருவோம். தலையிடியை வைத்துப் பிரஷரை அளக்க முடியாது அம்மா. இத்தனை வருடமும் தலையிடி இல்லாத நாள்களில்தான் உங்கள் இதயச் சுவர் தடித்தது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் வருந்துகிறது, ஏனென்றால் கிளினிக்கில் நான் பார்க்கும் பலருடைய கதை இதுதான்.

இந்தத் தடிப்பு குறையக்கூடியது. 2002 இல் வெளியான லைஃப் என்ற பெரிய ஆய்வில் லொசாட்டனையும் அட்டெனலோல் என்ற இன்னொரு பிரஷர் மருந்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பிரஷரை ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன, ஆனால் இதயத் தடிப்பு லொசாட்டன் எடுத்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. பாரிசவாதமும் குறைவாக வந்தது. உங்களிடம் இருப்பது அதே மருந்துதான். தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். தாங்க முடிந்தால் 130/80 க்குக் கீழே வர வேண்டும். அதற்கு இன்னொரு குளிசையும் சேர்க்க நேரலாம், பயப்பட வேண்டாம். சுவர் மெலிய மாதக்கணக்கில் எடுக்கும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கூழுக்குள் கருவாட்டைப் போடாமல் பச்சை மீன் போடலாமே. முழங்கால் நோவுக்கென்று பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறவராக இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அது பிரஷரைக் கூட்டும்.

இளைப்புக்கு இரத்தசோகை, இதயக் குழாய் அடைப்பு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் எக்கோ அறிக்கையோடு இந்த வாரமே போய்க் காட்டுங்கள். இரவில் தட்டையாகப் படுக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு இறுக்கினாலோ 1990 க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.